இல்லை என்று சொன்ன பாட்டில்

விற்பனைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு உருப்படியாக ஏதாவது எழுதித் தரும்படி நம் விற்பனையாளர் சங்கத்தில் கேட்டார்கள். உருப்படியாக என்றால் எனக்குக் கொஞ்சம் கூச்சம். இருபத்தெட்டு வருடம் நான் விற்றது விஸ்கி. அதனால் உருப்பட்டவர்கள் பட்டியல் ரொம்பச் சின்னது. அதில் என் பெயரும் இருக்கிறது. இந்தத் தொழில்தான் எனக்கு வீடு கட்டிக் கொடுத்தது, பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைத்தது. ஆகவே தொழிலைத் திட்டப் போவதில்லை. திட்டுவதானால் என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும்.

உங்கள் வித்தைகளை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். செருப்புக்கும் சேலைக்கும்கூட ‘இன்னும் இரண்டு மட்டுமே’ என்று போனில் சிவப்பு எழுத்து மினுக்குகிறது. அதைப் பார்த்ததும் என் மருமகள் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் விரலை அழுத்துகிறாள். பால் பொங்கி வழிகிறது. எனக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் வேறொன்று வரும். அந்த வேறொன்றைப் பற்றி இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. டார்கெட்டை எட்டுவது எப்படி என்று உங்கள் டிரெயினிங்கில் சொல்லித் தருவார்கள். இதைச் சொல்லித் தர மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூர் ஏரியா என் பொறுப்பில் இருந்தது. அப்போது சில்லறைக் கடைகள் தனியார் கையில் இருந்தன. பம்பு செட்டும் பனியனும் பணம் கொட்டிய காலம். கையில் காசு சேர்ந்த சிலருக்குப் பாட்டில் சேர்க்கும் பைத்தியமும் பிடித்திருந்தது. குடிப்பதற்காக அல்ல. கண்ணாடி பீரோவில் வரிசையாக நிறுத்தி, உள்ளே விளக்குப் போட்டு, வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. துபாய் மச்சினன் கொண்டுவந்தது, சிங்கப்பூர் ஏர்போர்ட்டில் வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். நம் நாட்டு விஸ்கிக்கு அந்த பீரோவில் இடமே கிடையாது.

அந்த இடத்தைப் பிடிக்க எங்கள் கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. மரப்பெட்டிக்குள் ஒரு புது விஸ்கி. பெட்டியின் மேல் பித்தளைத் தகடு. பாட்டிலின் லேபிளில் கையால் எழுதிய நம்பர். மொத்தமே கொஞ்சம்தான், ஆளுக்கு ஒன்றுதான், இனிமேல் வராது. இந்த மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்று மெட்ராஸிலிருந்து வந்த எங்கள் மேனேஜர் உத்தரவு போட்டார்.

“கேட்ட உடனே எடுத்துக் குடுத்துடாதய்யா. இல்லைன்னு சொல்லு. ரெண்டாவது தடவை வந்தா யோசிக்கிற மாதிரி நில்லு. மூணாவது தடவை, உங்களுக்காக மட்டும் ஒண்ணுன்னு சொல்லு. அப்புறம் பாரு, அவன் உன்னை விடவே மாட்டான்,” என்றார். ஆள் கெட்டிக்காரர். அவர் சொன்னது அப்படியே நடந்தது.

சரக்கு என்னவோ நிறையவே இருந்தது. திருச்சி ரோட்டில் எங்களுக்கு வேண்டிய ஓர் ஒயின் ஷாப்பின் பின்னறையில் பெட்டி பெட்டியாக அடுக்கி, பழைய கித்தானைப் போட்டு மூடியிருந்தேன். முன்பக்க ஷெல்பில் எப்போதும் ஒரே ஒரு பாட்டில்தான் நிற்கும். அது விற்றால் உடனே அடுத்ததை வைக்கக் கூடாது. இரண்டு நாள் அந்த இடம் காலியாகக் கிடக்க வேண்டும். வருகிறவர்கள் அந்தக் காலி இடத்தைப் பார்க்க வேண்டும்.

லேபிளில் நம்பர் எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். என் கையெழுத்து கொஞ்சம் லட்சணமாக இருக்கும். வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பாட்டில்களைப் பரப்பி, இங்க் பேனாவால் ஒவ்வொன்றாக எழுதினேன். என் மனைவி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஏனுங்க, கண்ணாலப் பத்திரிகைக்குப் பேர் எழுதறாப்ல எழுதறீங்களே, இதைப் போய் ஆராச்சும் நம்புவாங்களா?” என்றாள்.

நம்பினார்கள். ஆர்.எஸ். புரத்தில் ஒரு டாக்டர் இருந்தார். முதல் தடவை நான் போய்ச் சொன்னபோது, உள்ளூர்ச் சரக்கா என்று உதட்டைப் பிதுக்கினார். ஒரு மில்காரர் மகனுக்குக் கிடைத்துவிட்டது என்று ஒரு வார்த்தை காதில் போட்டேன். அவ்வளவுதான். கம்பவுண்டரை ஒரே நாளில் மூன்று தடவை கடைக்கு அனுப்பினார். கடைசியில் நோயாளிகளை உட்கார வைத்துவிட்டு அவரே வந்தார். வால்பாறையில் எஸ்டேட் பார்த்து ஓய்வு பெற்ற இன்னொருவருக்குச் சின்ன நம்பராக வேண்டும். பதினேழாம் நம்பரை அவருக்காகவே எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னேன். அந்த நேரத்தில் அந்த லேபிளில் நம்பரே எழுதியிருக்கவில்லை. அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

விஸ்கி எப்படி இருக்கும் என்று ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. வேறு யாருக்குக் கிடைத்தது என்றுதான் கேட்டார்கள். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. பாட்டில் சேர்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான், அவர்கள் மனசின் சாவி என் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சென்னியப்பன் அந்த மாதிரி ஆள் இல்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும் அவரையும் அதே தராசில் வைத்தேன்.

சிங்காநல்லூரில் மோட்டார் பம்பு செய்யும் பட்டறை வைத்திருந்தார் அவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னையும் காய்கறியுமாகத் தோட்டம் வைத்திருந்த குடும்பம்; இவர் மட்டும் இரும்புக்கு வந்துவிட்டார். பட்டறையின் மாடியில் ஓர் அறை. அதில் ஒரு கண்ணாடி பீரோ, ஒரு மேஜை, மூன்று நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை கீழே லேத் எதுவும் ஓடாது. சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் அங்கே உட்கார்ந்தால் குளத்துக் காற்று வரும்.

மற்றவர்களைப் போல அவர் ஒற்றையாக எதையும் வாங்க மாட்டார். எந்தப் பாட்டிலானாலும் ஜோடியாகத்தான் வாங்குவார். ஒன்று பீரோவுக்கு. இன்னொன்று அவருக்கும் அந்தோணிக்கும்.

அந்தோணி டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தவர். அவருடைய அப்பா, சென்னியப்பனின் அப்பா தோட்டத்தில் பண்ணையத்து ஆள். பையன்கள் இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வயது. ஆனாலும் அந்தோணி சென்னியப்பனைச் ‘சின்னவரே’ என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டில் அப்படித்தான் சொல்லி வளர்த்திருந்தார்கள். ஒருநாள் தோட்டத்துக்குள் யானை வந்துவிட்டது. இருவரும் ஒரே புளியமரத்தில் ஏறிவிட்டார்கள். அந்த அவசரத்தில் அந்தோணி, “சென்னியப்பா, காலை மேல எடுடா!” என்று கத்தினாராம். யானை போனதும் மறுபடியும் ‘சின்னவரே’ வந்துவிட்டது.

இந்தக் கதையை இருவருமே என்னிடம் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தோணி சொன்னால் யானையைப் பற்றிய கதையாக இருக்கும். சென்னியப்பன் சொன்னால் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதைப் பற்றிய கதையாக இருக்கும்.

பட்டறை ஆட்கள் முன்னால், உறவுக்காரர்கள் முன்னால், டீ குடிக்கும்போதுகூட அந்தோணிக்கு அவர் ‘சின்னவரே’தான். சென்னியப்பன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், அந்தோணிக்கு நாக்கு வளையவில்லை. மாடியில் உட்கார்ந்து புதுப் பாட்டிலின் சீலை உடைக்கும்போது மட்டும் அது மாறும். சீலை உடைப்பது எப்போதும் அந்தோணிதான். முதல் வாய் உள்ளே போனதும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, “என்னடா சென்னியப்பா,” என்று ஆரம்பிப்பார். பட்டறை முதலாளிக்கு முகம் பத்து வயதுப் பையன் முகமாக ஆகிவிடும். இரண்டு பேரும் அதிகம் குடிப்பவர்கள் அல்ல. ஒரு பாட்டில் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைக்கு வரும்.

அப்படித் திறந்து தீர்த்தவற்றின் ஜோடிகள்தான் பீரோவில் நின்றன. ஒவ்வொன்றும் அவர்கள் பேசிக் கழித்த ஒரு மாதத்துக்கு அடையாளம். எந்தப் பாட்டிலைக் காட்டிக் கேட்டாலும் அது எந்த ஊர்ச் சரக்கு என்று சென்னியப்பன் சொல்ல மாட்டார். “இது அந்தோணி மக கண்ணாலத்துக்கு முந்தி திறந்ததுங்க,” என்பார்.

மூன்றாவது நாற்காலி எனக்கு. ஒரு விரல் அளவு ஊற்றித் தருவார்கள். வியாபாரத்துக்காகத்தான் போக ஆரம்பித்தேன். பிறகு வியாபாரம் எதுவும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் போனேன். ஊர் ஊராகச் சுற்றுகிற வேலையில் தெரிந்தவர்கள் நூறு பேர் கிடைப்பார்கள்; பெயரைச் சொல்லி அதட்டுகிற நண்பன் ஒருவன் கிடைப்பது கஷ்டம். எனக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கேலி செய்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மரப்பெட்டி விஸ்கி வந்ததும் சென்னியப்பன் வழக்கம்போல இரண்டு கேட்டார். ஆளுக்கு ஒன்றுதான் என்றேன். சரி, ஒன்றைக் கொடுங்கள், இன்னொன்று எப்போது கிடைத்தாலும் எனக்குத்தான் என்று சொல்லி வாங்கி பீரோவில் வைத்தார். அந்த பீரோவில் ஜோடியைத் திறக்காமல் வந்து நின்ற முதல் பாட்டில் அதுதான்.

அந்தோணிக்கு என் மேல் லேசாகச் சந்தேகம் இருந்தது. “ஏனுங்க சார், எங்க ஆபீஸ்ல போன் கேட்டு வந்தா நாங்களும் இல்லைங்கறமுங்க. நெசமாலுமே லைன் இருக்காதுங்க. உங்குளுது நெசமாலுமே இல்லீங்களா, இல்லைன்னு சொல்றதே தொழிலுங்களா?” என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். அவர்களும் சிரித்தார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை மத்தியானம். மேனேஜர் மெட்ராஸிலிருந்து வந்து, திருச்சி ரோடு கடையில் என்னோடு நின்றுகொண்டிருந்தார். சென்னியப்பன் படியேறி வந்தார். அவர் ஒயின் ஷாப்புக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை. ஆள்தான் அனுப்புவார்.

“ஏனுங்க, அந்தோணிக்கு நெஞ்சுல அடைப்புங்க. ஞாயித்துக்கெழமை மெட்ராஸ் போறானுங்க, ஆபரேசனுக்கு. அதுக்கப்பறம் டாக்டர் தொட உடமாட்டாராட்ட இருக்குதுங்க. போறதுக்கு முந்தி ஒருக்கா உக்காரலாமுன்னு... அந்த ரெண்டாவது பாட்டல் எங்காச்சும் கெடைக்குமுங்களா? வெலை எதுன்னாலும் செரிங்க.”

அவர் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரத்தில், கித்தானுக்கு அடியில் பெட்டிகள் இருந்தன. மேனேஜர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கு இரண்டு கொடுத்தது வெளியே தெரிந்தால் டாக்டரும் மில்காரர் மகனும் சும்மா விட மாட்டார்கள். அடுத்து ஈரோட்டிலும் சேலத்திலும் இதே சரக்கை இறக்கப் போகிறோம். எனக்குப் பிரமோஷன் பேச்சு நடக்கிறது. இத்தனையும் ஒரு மூச்சு விடும் நேரத்தில் என் தலைக்குள் ஓடியது. அந்தோணியின் நெஞ்சடைப்பு மட்டும் ஓடவில்லை.

“இல்லைங்க. மெட்ராஸ்லயே இல்லைங்க,” என்றேன்.

“இண்டியாவிலேயே இல்ல சார்,” என்று மேனேஜர் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்.

“செரிங்க. இல்லாததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?” என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு இறங்கிப் போனார் சென்னியப்பன்.

“பாத்தியா, விலை எதுன்னாலும் சரிங்கறான். இதுதான்யா நம்ம ஜெயிச்ச இடம்,” என்று மேனேஜர் என் முதுகில் தட்டினார்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்கலாம், பீரோவில்தான் ஒன்று இருந்ததே, அதைத் திறந்தால் என்ன என்று. நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை மேனேஜர் ஊருக்குக் கிளம்பியதும் நேராகக் கடைக்குப் போய், கித்தானை விலக்கி, நம்பர் எழுதாத ஒரு பாட்டிலை எடுத்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டேன். திருப்பூரில் ஒரு கடையில் தேடிப் பிடித்தேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் சரிக்கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டறை மாடிக்குப் போனேன். இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தோணி இளைத்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தளர்ந்து கிடந்தது. பையைக் காலடியில் வைத்துவிட்டு மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“நாங்க முடிவு பண்ணிப்போட்டமுங்க சார்,” என்றார் அந்தோணி. “சின்னவரு பீரோவுல இருக்கறதைத் திறக்கலாமுன்னாரு. நாந்தான் வேண்டாமுன்னுட்டேன். போகும்போது ஒத்தையா இருக்கறதைத் திறந்தா வழியனுப்பறாப்ல ஆயிருமுங்க. திரும்பி வந்துபோட்டு, ரெண்டாவது கெடைக்கற வரைக்கும் வரிசையில நிக்கறேன். டாக்டர் ஒரு மூடி அளவாச்சும் உடாமயா போயிருவாரு?”

என் கை பையை நோக்கிப் போனது. அப்போதுதான் சென்னியப்பன் அதைச் சொன்னார்.

“சாரு அன்னைக்கே நேரா சொல்லிப்போட்டாருப்பா, எங்கயும் இல்லைன்னு. வெலை எதுன்னாலும் செரின்னு வேற சொல்லிப்போட்டேன். வேற ஆளா இருந்தா ஒண்ணை ஒளிச்சு வெச்சுக்கிட்டு வெலையை ஏத்தியிருப்பான். சாரு அப்படியாப்பட்ட ஆளில்லை.”

என் கை நின்றுவிட்டது. பாட்டிலை எடுத்தால் அந்த நல்ல பெயர் போய்விடும். திருப்பூர்க் கதையைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தோணி ஒரு பார்வை பார்த்தாலே உடைந்துபோயிருப்பேன். சரி, திரும்பி வரத்தானே போகிறார், வந்ததும் கொடுத்தால் போகிறது என்று தோன்றியது. காலால் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினேன். சத்தம் வராமல் மெதுவாகத் தள்ளினேன். முப்பது வருடம் ஆகப் போகிறது, அந்தக் கால் செய்த வேலையை என்னால் மறக்க முடியவில்லை.

டீ முடிந்ததும் அந்தோணி எழுந்தார். “வாரேனுங்க சின்னவரே. வாரேனுங்க சார்,” என்றார். சென்னியப்பன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டிப் போனார். நான் பையோடு பின்னால் இறங்கினேன்.

பத்து நாளில் செய்தி வந்தது. ஆபரேஷன் நடந்தது, உடம்பு தாங்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சென்னியப்பன் ஒரு வேப்பமரத்தடியில் தனியாக நின்றுகொண்டிருந்தார். அந்தோணியின் மகள் வந்து அவர் கையைப் பிடித்து அழுதபோதும் அவர் அழவில்லை. என்னைப் பார்த்ததும் லேசாகத் தலையை ஆட்டினார். அதன் பிறகும் சில ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு, மழை, கரண்ட், காப்பர் விலை என்று எதையாவது பேசுவோம். பீரோவைத் திறக்க மாட்டார். பிறகு எனக்கே அங்கே உட்கார முடியாமல் போய், நின்றுவிட்டேன்.

மறு வருடம் மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு இந்த மரப்பெட்டி விளையாட்டில் நம்பிக்கை இல்லை. பின்னறையில் தூசி படிந்து கிடப்பதையெல்லாம் வெளியே எடுத்து, விலையைக் குறைத்து, ஒன்று வாங்கினால் ஒரு கிளாஸ் இலவசம் என்று போர்டு எழுதி வைக்கச் சொன்னார். ரோட்டில் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரியும்படி கடை வாசலில் அடுக்கினார்கள். சென்னியப்பன் பட்டறைக்குப் போகிற வழி அதுதான். எப்படியும் கண்ணில் படும் என்று எனக்குத் தெரியும். போர்டை வேறு பக்கம் திருப்பி வைக்கச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போன் வந்தது. “ஏனுங்க, ஞாயித்துக்கெழமை சித்த வந்துட்டுப் போறீங்களா?” என்றார். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை.

போனேன். மேஜையில் இரண்டு மரப்பெட்டிகள், மூடி திறந்தபடி. ஒன்றின் பாட்டிலில் என் கையெழுத்தில் நம்பர் இருந்தது. இன்னொன்றில் நம்பர் இல்லை. இலவசக் கிளாஸை அதன் மேலேயே ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார்கள்.

“இது அன்னைக்கே இருந்துச்சுங்களா?” என்று கேட்டார்.

கம்பெனியிலிருந்து இப்போதுதான் வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் நம்புவார். ஸ்கூட்டரில் வரும்போது அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

“இருந்துச்சுங்க.”

“எங்கீங்க?”

“நீங்க நின்னு கேட்டீங்களே, அதுக்குப் பின்னாலயே இருந்துச்சுங்க.”

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் வாய் தானாக மேலே போனது. “ஞாயித்துக்கெழமை இங்க வந்தப்ப பையில ஒண்ணு வெச்சிருந்தேனுங்க. எடுக்கலீங்க.”

“ஏனுங்க எடுக்கல?”

“அப்படியாப்பட்ட ஆளில்லைன்னு சொன்னீங்க. அந்தப் பேரு போயிருமுன்னு...”

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால், அந்தப் பாட்டிலை எடுத்துத் தரையில் அடித்திருந்தால்கூட எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அதை எடுத்திருந்தீங்கன்னா, ஒருக்கா எம் பேரைச் சொல்லியிருப்பானுங்க,” என்றார். “சின்னவரேன்னு சொல்லிப்போட்டுப் போய்ட்டான். அந்தப் பேரைச் சொல்லி அதட்டறதுக்கு இப்ப ஆருங்க இருக்கறா?”

 

நம்பர் இல்லாத பாட்டிலை எடுத்துச் சீலைத் திருகினார். அவருக்குப் பழக்கமில்லாத வேலை. விரல் வழுக்கியது. நான் எழுந்து கை நீட்டினேன். அவர் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு வேஷ்டி நுனியால் பிடித்துத் திருகினார். திறந்தது. இரண்டு கிளாஸில் ஊற்றினார். ஒன்றைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, மற்றதை மேஜையின் மேல் மெதுவாகத் தள்ளினார். மன்னித்துவிட்டார் என்று நினைத்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிளாஸைத் தொடப் போனேன்.

“அது உங்களுக்கில்லீங்க,” என்றார்.

சொன்ன விதத்தில் கொஞ்சமும் கடுமை இல்லை. தெரியாமல் வேறொருவர் இடத்தில் உட்காரப் போன விருந்தாளியிடம் சொல்வது போலச் சொன்னார். அப்புறம் படிக்கட்டுப் பக்கம் திரும்பி, கீழே இருந்த வாட்ச்மேனைக் கூப்பிட்டு, “சாருக்கு ஒரு டீ சொல்லுப்பா. சக்கரை கம்மியா,” என்றார்.

டீ வந்தது. குடித்தேன். அவர் காலி நாற்காலியைப் பார்த்தபடி ஒவ்வொரு வாயாகக் குடித்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்த கிளாஸ் அப்படியே இருந்தது. நான் எழுந்ததும் அவரும் எழுந்தார். எப்போதும் போலப் படிக்கட்டு வரை வந்து, “போய்ட்டு வாங்க,” என்றார். எங்கள் ஊரில் யாரையும் போங்கள் என்று சொல்லி அனுப்ப மாட்டார்கள். நான் அதற்குப் பிறகு அங்கே போகவில்லை.

பிள்ளைகளே, உங்கள் டார்கெட்டைப் பற்றி எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்லி விற்காதீர்கள் என்று சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை. உங்கள் வயதில் நானும் கேட்டிருக்க மாட்டேன். டாக்டரும் எஸ்டேட்காரரும் அந்த விளையாட்டை விரும்பியே விளையாடினார்கள். அவர்களுக்காக எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் உங்கள் முன்னால் வந்து நிற்கிறவர்களில் ஒருவருக்கு அந்தப் பொருள் நிஜமாகவே வேண்டியிருக்கும். என்னத்துக்கு என்று அவரே வாய் திறந்து சொல்லுவார். அப்போது பக்கத்தில் மேனேஜர் நின்றாலும் சரி, அவர் சொல்வது உங்கள் காதில் விழ வேண்டும். என் காதில் விழவில்லை.

வேலையில் இருந்த மிச்ச வருடங்களில் கிளப்பிலும் கல்யாண மண்டபத்திலும் எத்தனையோ பேர் எத்தனையோ உயர்ந்த சரக்கை எனக்கு ஊற்றித் தந்திருக்கிறார்கள். எதுவும் நாக்கில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலரை மணி ஆனால் இப்போதும் சிங்காநல்லூர் மாடிக்குத்தான் மனசு போகிறது. அந்த மேஜை, அந்த இரண்டு பேர், அவர்கள் கேலிப் பேச்சு, எனக்கென்று ஊற்றிய ஒரு விரல் அளவு. அதற்குத்தான் ஏங்குகிறேன். அது இனி எங்கேயும் இல்லை. என் வாயால் சொன்ன எத்தனையோ இல்லைகளில் இது ஒன்றுதான் நிஜம்.